பிப்ரவரி இருபத்தெட்டுக்குள்

பண்டபர்க், ஆஸ்திரேலியா,
மார்ச் 6, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் கித்தியோனி அவர்களுக்கு,

தங்கை உனைசி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளை செமேசாவும் குழந்தை திதிலியாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே அப்பாவின் சுகம் எப்படி என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

நான் தீவை விட்டு வந்து இன்றோடு ஒரு வாரம். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை உங்கள் எண்ணுக்கு அடித்துப் பார்க்கிறேன். இணைப்பு இல்லை என்று அதே பெண்குரல் சொல்கிறது. புயலில் விழுந்த தொலைபேசிக் கோபுரத்தை இன்னும் நிமிர்த்தவில்லை போலிருக்கிறது. நம் ஊர் சுகாதார நிலைய நர்ஸ் லூசியானா விடுமுறைக்குப் பெரிய தீவில் சுவாவுக்கு வந்திருக்கிறாளாம். செவ்வாய்க்கிழமை மருந்துப் படகில் திரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். செமேசாவின் சித்தப்பா மகன் ஞாயிறு விமானத்தில் சுவா போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அவளிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெரிய கடிதம்தான். கிழங்குக் கொல்லை வேலை முடிந்து ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

நம் வழக்கத்தில் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை. நான் அங்கே இருந்த நாட்களில் என்னிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் நீங்கள் வசேமதா அண்ணியிடம்தான் சொன்னீர்கள். நானும் என் பதிலை அண்ணியிடமே சொன்னேன், பாதியை விழுங்கிவிட்டு. கடிதத்துக்கு அந்தத் தடை கிடையாது என்று நினைத்து எழுதுகிறேன். தவறென்றால் மன்னியுங்கள்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணி மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வாசலில் கத்தியைத் தீட்டியபடி அவளிடம் சொன்னீர்கள். "அங்க ஒருத்தர் மூச்ச எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கார். இங்க ஒருத்தி தேதிய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. எது முதல்ல தீரும்னு கேட்டுச் சொல்லு." அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடுப்புல கிழங்கு குழைஞ்சிடும், பாக்கறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் அப்போது எதுவும் இருக்கவில்லை, அண்ணா.

அந்தத் தேதி என்னவென்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கே நிரந்தரமாக இருக்க நாங்கள் மனுப்போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் நான் பார்க்கும் வேலையை வைத்து, என் பெயரில் போட்ட மனு. செமேசாவும் திதிலியாவும் அதே மனுவில் எனக்குக் கீழே இருக்கிறார்கள். முடிவு வரும்வரை இந்த நாட்டுக்குள் இருக்கலாம் என்று ஓர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது உள்ளே இருப்பதற்கு மட்டும். வெளியே கால் வைத்தால் அதோடு தீர்ந்துவிடும். போய்விட்டுத் திரும்பி வர வேண்டுமென்றால் காரணம் காட்டி வேறோர் அனுமதி வாங்க வேண்டும். அதில் ஒரு தேதி போட்டிருப்பார்கள். எனக்குப் போட்ட தேதி பிப்ரவரி இருபத்தெட்டு. அன்று முடிவதற்குள் நான் இங்கே வந்து இறங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் நான் அந்தப் பக்கம், என் பிள்ளை இந்தப் பக்கம். வேலை போய்விடும். வேலை போனால் மனு போய்விடும். மனு போனால் செமேசாவும் பிள்ளையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்பாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது என்று ஜனவரியில் நீங்கள் சொல்லியனுப்பியதும், எங்களுக்காக மனு வேலைகளைக் கவனிக்கும் அம்மாளிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "போகாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமையில்ல உனைசி. அப்பா விஷயம். ஆனா தேதி தாண்டிட்டா எனக்கு போன் பண்ணி அழாதீங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது." எழுந்து வரும்போது இன்னொன்றும் சொன்னார். "நீங்க வெளிய இருக்கறப்ப மனுவத் தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னா, கையில இருக்கற அனுமதியும் கொஞ்ச நாள்ல செல்லாமப் போயிடும். அதையும் மனசுல வெச்சுக்குங்க."

மனசில் வைத்துக்கொண்டேன். அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் அதை வைத்துக்கொண்டுதான் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். நான் வந்த ஐந்தாம் நாள் புயல். மதியத்தில் காற்று திரும்பியபோது நீங்கள் அப்பாவை முதுகில் சுமந்து தேவாலயத்துக்குக் கொண்டுபோனீர்கள். நான் பின்னால் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அப்போதும்கூட, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், என் இன்னொரு கை அனுமதிக் காகிதம் வைத்து வயிற்றில் கட்டியிருந்த பையைத்தான் பிடித்திருந்தது. மறுநாள் கோபுரம் விழுந்து கிடந்ததைப் பார்த்து ஊரே ஐயோ என்றது. எனக்கு வேறு கவலை. செமேசா ஏதாவது கடிதம் வந்திருக்கிறது என்று சொல்ல நினைத்தாலும் இனிச் சொல்ல வழியில்லை. என் அனுமதி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமலே பதினைந்து நாள் அந்த வீட்டில் வளைய வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று அண்ணி கோபித்துக்கொண்டாள். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் எனக்காகத்தான் வேகவைத்தாள். அவளிடம் சொல்லுங்கள், சமையலில் குறையில்லை.

அப்புறம் கப்பல் வரவில்லை. இந்த வாரம் வரும் என்றார்கள். இயந்திரம் பழுது, அடுத்த வாரம் என்றார்கள். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் நான் அத்தை மகன் ஏமோசியின் வீட்டுக்குப் போனேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"அத்தான், உங்க படகுல என்னை அக்கரையில விட முடியுமா?"

"அக்கரைன்னா? ஆஸ்திரேலியாவுக்கேவா? பெட்ரோல் பத்தாது புள்ள."

"கேலி பண்ணாதீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் பெரிய தீவுல இருக்கணும்."

வலையைக் கீழே வைத்தான். "உங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எழுந்து கடலைப் பார்த்தான். "இந்தக் காத்துல புத்தியுள்ளவன் எவனும் போகமாட்டான். நல்லவேளை, நம்ம வம்சத்துல எனக்கு அது கிடையாது. வெள்ளிக்கிழமை வெளுத்ததும் வா" என்றான். அண்ணா, அவனைக் கோபிக்க வேண்டாம். நான்தான் கெஞ்சினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் கொல்லைக்குப் போய்விட்டீர்கள். அண்ணி தண்ணீருக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பையை எடுத்தேன். அப்பா விழித்திருந்தார். இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணிய பேச்சில், எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன், "கொல்லைக்குப் போய்ட்டு வந்துடறேம்ப்பா. அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோறேன்." அவர் தலையை ஆட்டினார். "தொப்பி போட்டுக்க, வெயிலு" என்றார். அந்த மூன்று வார்த்தையும் தெளிவாக வந்தது. விரலை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என்னைத் தேடினாரா? நீங்கள் கொல்லையிலிருந்து தனியாக வந்ததைப் பார்த்து என்ன கேட்டார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? இதைத்தான் இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இல்லத்தில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டும்போது, என் விரலைப் பிடித்தார் என்று கையை உதறிவிட்டேன். அவர் பாவம், பயந்துபோனார். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

கடலைப் பற்றிச் சொல்கிறேன். பவழப்பாறை தாண்டும்வரை ஏமோசி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான். "ஆஸ்திரேலியாக்காரி, அந்தக் காகிதத்த வயித்துலேர்ந்து எடுக்கவே மாட்டியா? எத்தன மாசம்?" என்றான். "உள்ள விடலேன்னா கவலப்படாத. திரும்பி வா, நானே உன்ன ரெண்டாந்தாரமாக் கட்டிக்கறேன். எம்பொண்டாட்டி கிழங்கு உரிக்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான். நானும், "உங்க மூஞ்சிக்கு முதல்தாரம் கிடைச்சதே பெரிசு" என்றேன். அலை முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டுதான் போனோம்.

நம் தீவு பின்னால் மறைந்து, பெரிய தீவு முன்னால் இன்னும் தெரியாத இடத்தில் இயந்திரம் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. ஏமோசி மூடியைத் திறந்தான், குழாயைக் கழற்றி வாயால் ஊதினான், துணியால் துடைத்தான். கயிற்றை இழுத்தான். எடுக்கவில்லை. திரும்ப இழுத்தான். படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டத் தொடங்கியது. நான் டப்பாவால் தண்ணீரை இறைத்துக்கொண்டேயிருந்தேன். அவன் கேலி நின்றபிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ரொம்ப நேரம் கழித்து, தேவாலயத்தில் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னான். "உனைசி, அந்தப் பைய விட்டுட்டு ரெண்டு கையாலயும் படகப் புடிச்சுக்க." அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாயிற்று.

பிடித்துக்கொண்டேன். நாங்கள் இங்கே முழுகினால் செமேசாவுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் சொல்ல முடியாது. அந்த அலுவலகத்துக் கணக்கில் மட்டும், இந்தப் பெண் தேதிக்குள் திரும்பவில்லை என்று பதிவாகும். திதிலியா பெரியவளான பிறகு அதைப் படித்து, அம்மா வர மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாளோ என்று தோன்றியது. அப்பாவை விட்டுவிட்டு வந்தேன், பிள்ளையிடமும் போய்ச் சேரவில்லை என்றால் நான் யாருக்கு என்ன ஆனேன்? ஜெபம் செய்யக்கூட வாய் வரவில்லை.

எத்தனையாவது இழுப்போ தெரியாது, இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஏமோசி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கத்தாத புள்ள, மீனெல்லாம் ஓடிடும்" என்றான். நான் சத்தமே போடவில்லை. கரையில் இறக்கிவிட்டபோது அவன் கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துப் பின்னால் மறைத்துக்கொண்டான். "போ. பஸ்ஸு போயிடும்" என்றான். சனிக்கிழமை பெட்ரோலை மாற்றிக்கொண்டு திரும்புவதாகச் சொன்னான். அவன் நல்லபடியாக வந்து சேர்ந்தானா? அப்பாவுக்கு அடுத்தபடியாக நான் பயந்து கேட்கும் கேள்வி இதுதான்.

சுவாவில் பஸ் நிற்கும்போதே தொலைபேசிக்கு உயிர் வந்தது. செமேசா முதல் மணியிலேயே எடுத்தார். நான் என்ன ஏது என்று கேட்குமுன், "ஒண்ணும் வரல. எந்தக் கடுதாசியும் வரல. நீ எங்க இருக்க?" என்றார். பஸ் நிலையத்தில் நடுத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அனுமதி உயிரோடு இருக்கிறது. நாளைக்கு முடிகிறது. சனிக்கிழமை காலை விமானத்தில் நந்தி விமான நிலையத்திலிருந்து ஓர் இடம் பிடித்துத் தந்தார். அன்றைக்கே நந்திக்குப் பஸ் ஏறி, பெரியம்மா மகள் வீட்டில் படுத்தேன்.

சனிக்கிழமை விமான நிலையத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். முகப்பில் ரோஷ்னி என்று பெயர் குத்திய இந்தியப் பெண். நம் நாட்டுக்காரிதான், பா நகரத்துப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. தட்டினாள், பார்த்தாள், திரும்பத் தட்டினாள்.

"அக்கா, இதுல ஒண்ணும் காட்டலையே."

"என்ன காட்டல?"

"உள்ள போறதுக்கு அனுமதி. உங்க பேர்ல எதுவுமே இல்ல."

காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கடல்நீரில் ஓரம் ஊறி எழுத்து கலங்கியிருந்தது. அவள் வாங்கிப் படித்தாள். "தாள்ல இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல இல்ல. அதுல இல்லேன்னா நான் உங்கள ஏத்த முடியாது. என்மேல கோவப்படாதீங்க" என்றாள். எனக்குக் கோபமா வந்தது? காதில் கடல் இரைந்துகொண்டிருந்தது.

குற்றம் என்னுடையது, அண்ணா. என் பழைய பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்தது. வரும்போது சுவாவில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் புதியது எடுத்துவிட்டேன், பெரிய சாமர்த்தியம் செய்ததுபோல. அனுமதி பழைய எண்ணோடு கட்டியிருக்கிறது, புது எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கோபுரம் விழுந்த பிறகு எப்படித் தெரிவிப்பேன்? நல்லவேளையாக மூலை வெட்டிய பழையதைத் தூக்கிப்போடாமல் பையடியில் வைத்திருந்தேன். ரோஷ்னி அதை வாங்கிக்கொண்டு ஒரு தொலைபேசியில் பேசினாள். முகப்பு மூட இன்னும் இருபத்தைந்து நிமிஷம்தான் என்று பக்கத்துப் பையன் சொன்னான். எனக்குப் பின்னால் நின்றவர்களை அவனிடம் அனுப்பினாள். "உக்காருங்கக்கா" என்றாள். "நிக்கறேம்மா" என்றேன். உட்கார்ந்தால் என்னை மறந்துவிடுவாளோ என்று பயம்.

"ஆமா சார்… பழைய நம்பர் சொல்றேன்… ஆமா, இன்னிக்குத்தான் கடைசி… இல்ல சார், நாளைக்கு இல்ல, இன்னிக்கு" என்று அவள் சொல்வது கேட்டது. வாயைக் கையால் மறைத்து என்னைக் கேட்டாள், "பொறந்த ஊரு?" நம் தீவின் பெயரைச் சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னாள். நான் பிறந்த தீவின் பெயர் எனக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை. இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். அவளே திருத்தினாள். அப்புறம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இயந்திரத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஓடுங்கக்கா" என்றாள். அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

பிரிஸ்பேனில் இறங்கினால் இன்னொரு பயம். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். என்னை ஓர் அறைக்கு அழைத்துப்போனார்கள். கண்ணாடிச் சுவர். என்னோடு விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் பெட்டியை உருட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு அப்பால் போனார்கள். என்னைவிட வயதில் மூத்த ஓர் அதிகாரி அம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தார். குரல் உயர்த்தவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"எதுக்காகப் போனீங்க?"

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல."

"கடைசி நாள்ல வந்திருக்கீங்களே?"

"கப்பல் வரல. சின்னப் படகுல வந்தேன்."

நிமிர்ந்து பார்த்தார். என் முகமெல்லாம் உப்பும் வெயிலும் அறுத்த தோல். "சரி. அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

அண்ணா, அவர் ஒரு மரியாதைக்காகக் கேட்டிருப்பார். ஆனால் எனக்குத் தெரியாது. நான் தீவை விட்டு வந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. தெரியாது என்று சொன்னால், அப்பாவைப் பார்க்கப் போனவளுக்கு அப்பா எப்படி இருக்கிறார் என்று தெரியாதா, போன காரணமே பொய்யோ என்று நினைப்பார்களே. "இருக்கார்" என்றேன். எழுதிக்கொண்டார். அதிகாரியிடம் தெரியாத ஒன்றை உண்மைபோலச் சொல்லிவிட்டேன். அது பொய்யாக இருந்தால் அது தாளில் கிடக்கும்.

"அவர யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

"எங்கண்ணன்" என்றேன். அத்தனை நாளும் வராத அழுகை அந்த மேசைமேல் வந்தது. அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாஸ்போர்ட்டை மூடிக் கொடுத்து, "நீங்க போகலாம்" என்றார். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். செமேசா சர்க்கரைவள்ளிக் கிழங்கு கட்டும் கொட்டகையில் கூடுதல் நேரம் வேலை பார்க்கிறார். திதிலியாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. வகுப்பில் மரங்களைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினாளாம், எனக்கும் பாடிக்காட்டினாள். செவ்வாய்க்கிழமை என் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீட்டையே புரட்டினோம். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். ஏண்டி இப்படிச் செய்தாய் என்று அவள் அப்பா கேட்டதற்கு, "அது இல்லேன்னா அம்மா எங்கயும் போகமாட்டா இல்ல" என்றாள். நாங்கள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அரிசி எடுக்கும்போதெல்லாம் கை தட்டுகிறது.

மனுவுக்கு இன்னும் முடிவு வரவில்லை. தபால் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். என் பயண அனுமதி இருபத்தெட்டோடு முடிந்துவிட்டது. மனு வேலை பார்க்கும் அந்த அம்மாளிடம் போய்க் கேட்டேன், இன்னொரு முறை அவசரமாகப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று. "எதுக்கு?" என்று கேட்டார். கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "கேக்கலாம். குடுப்பாங்கன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. குடுத்தாலும் சில நாள் ஆகும்" என்றார். உங்களுக்குத் தெரியும், அந்தக் காரியத்துக்குச் சில நாள் யாரும் காத்திருக்கமாட்டார்கள். காத்திருக்கவும் கூடாது.

நீங்கள் அண்ணியிடம் கேட்டதற்கு என் பதில் இது. ஆமாம், எண்ணினேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து தேதியைத்தான் எண்ணினேன். அதை மறுக்க எனக்கு வாயில்லை. ஆனால் நீங்கள் அந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் எண்ணினேன். அவருக்குத் திரும்பிப் படுக்க ஒரு கை வேண்டுமென்றால் உங்கள் கை இருக்கிறது. என் பிள்ளைக்கு இங்கே வேறு அம்மா இல்லை. இது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் போயிருக்கமாட்டீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

கூரைத் தகடு வந்ததா? தேவாலயத்தில் இன்னும் எத்தனை குடும்பம் தங்கியிருக்கிறது? அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறது?

கடைசியாக ஒரு காரியம். நம் ஊரில் யாரும் பெரியவர் எதிரில் குடிக்கக் கரைக்கும் யங்கோனா வேரைக் காணிக்கையாக வைத்து, போய்வருகிறேன் என்று சொல்லி, அவர் கைதட்டி ஏற்றுக்கொள்ளாமல் படகு ஏறுவதில்லை. நான் ஏறினேன். திருடிபோல ஏறினேன். அது உங்களையும் சபையில் தலைகுனிய வைத்திருக்கும். லூசியானாவிடம் சொல்லி, சுவாச் சந்தையில் நல்ல வேர்க்கட்டு ஒன்று வாங்கித் தரச் செய்திருக்கிறேன். கடிதத்தோடு அதையும் தருவாள். எனக்காக நீங்கள் அதை அப்பாவிடம் கொண்டுபோக வேண்டும். உனைசி போய்வர உத்தரவு கேட்கிறாள், பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்கிறாள் என்று சொல்லுங்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் எதிரில் வையுங்கள். படுத்திருந்தால் இடது கைக்கு எட்டும்படி வையுங்கள். வேறெப்படி இருந்தாலும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் இதே வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லுங்கள், அண்ணா. அவர் சார்பில் கை தட்ட வேண்டியது நீங்கள் என்றால், தட்டுவதும் தட்டாததும் உங்கள் மனசு. அவரே ஏற்றுக்கொண்டாரா, நீங்கள் தட்டினீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மற்றதை நான் அதிலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

கடவுள் அந்த வீட்டைக் காக்கட்டும்.

உங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டும் காத்துக்கொண்டும்,
தங்கை
உனைசி